வீட்டுக் கட்டிலில் ஓர் உள்நோயாளி: புதிதாகப் பணிக்கு வருபவர்களுக்கு

வீட்டிலேயே சிகிச்சை என்றவுடன் பலர் மனத்தில் எழும் காட்சி, வாரம் இரண்டு முறை செவிலியர் வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டுப் போவதுதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதன்று. நிமோனியாவாலோ இதயச் செயலிழப்பாலோ இன்றைக்கே வார்டில் சேர்த்தாக வேண்டிய ஒருவரை, அவர் வீட்டுக் கட்டிலிலேயே உள்நோயாளியாக வைத்துக் குணப்படுத்துவதைப் பற்றியது. அவருக்குக் கேஸ் ஷீட் உண்டு. தினமும் ரவுண்ட்ஸ் உண்டு. சிரை வழியாக மருந்து ஏறும். ரத்தப் பரிசோதனை நடக்கும். முடிவில் முறைப்படி டிஸ்சார்ஜ் ஆவார். அதுவரை அவருக்குப் பொறுப்பு மருத்துவமனைதான். அந்தச் சுமையை வீட்டாரின் தலையில் வைக்கக் கூடாது.

நான் வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இந்தப் பணிக்கு மாறிய செவிலியர். குழுவில் புதிதாகச் சேரும் செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் முதல் நாளே ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன்: இரவு இரண்டு மணிக்கு இவருக்கு மூச்சு வாங்கினால் என்ன நடக்கும்? யார் போனை எடுப்பார், எத்தனை நிமிடத்தில் யார் போய்க் கதவைத் தட்டுவார்? இதற்குத் தெளிவான பதில் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது இழுத்தால் அந்த நோயாளி வார்டிலேயே இருக்கட்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வீட்டுக்கு?

வயதானவர்களுக்கு மருத்துவமனைப் படுக்கையே ஒரு நோய்க் காரணம். நாள் முழுக்கப் படுத்தே இருப்பதால் கால் தசை கரைகிறது; புது இடமும் அணையாத விளக்கும் தூக்கத்தைக் கெடுத்துத் திடீர் மனக்குழப்பத்தை உண்டாக்குகின்றன; பக்கத்துப் படுக்கையின் கிருமி இவருக்கும் தொற்றுகிறது. நடந்து வந்தவர் நிமோனியா குணமாகி, ஆனால் சக்கர நாற்காலியில் வெளியேறுவதை வார்டில் வேலை பார்த்த யாரும் பார்த்திருப்பார்கள்.

இந்த முறை நேற்று முளைத்ததன்று. நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனை 1947-லேயே வீட்டுச் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிரான்சில் 1950-களிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முதியோர் நல மருத்துவர் புரூஸ் லெஃப் 1990-களில் இதற்கு ஒரு வடிவம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். பாஸ்டனில் டேவிட் லெவின் குழுவினர் 91 நோயாளிகளிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு எனக்கு மனப்பாடம். வார்டில் இருந்தவர்கள் நாளில் 55 சதவீத நேரத்தைப் படுத்தே கழித்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அது 18 சதவீதம். முப்பது நாளுக்குள் மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வார்டுக் குழுவில் 23 சதவீதம், வீட்டுக் குழுவில் 7 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் கட்டிலை விட்டு இறங்கித் தன் வீட்டுக் கழிப்பறைக்குத் தானே நடந்துபோகும் மனிதரை நாள்தோறும் பார்க்கிற எனக்கு அந்த எண்கள் வியப்பளிக்கவில்லை.

முதல் படி: யாரை எடுத்துக்கொள்ளலாம்

நோய் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். அது போகும் வழியும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். தோலடியில் பரவும் கிருமித்தொற்று, நிமோனியா, சிறுநீரகத் தொற்று, உடலில் நீர் கோத்து வந்த இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் திடீரென மோசமான நிலை ஆகியவைதாம் இந்த முறையில் அதிகம் பார்க்கப்படுபவை. இவற்றுக்கான மருந்தும் பரிசோதனையும் ஒரு பையில் அடங்கிவிடும்.

ரத்த அழுத்தம் நிலைகொள்ளாதவர், தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படலாம் என்று சந்தேகம் இருப்பவர், மாரடைப்போ புதிய பக்கவாதமோ எனச் சந்தேகிக்கப்படுபவர், அடுத்த சில மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சையோ ஸ்கேனோ தேவைப்படக்கூடியவர் ஆகியோரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வயிற்றுவலிக்குக் காரணம் தெரியாத ஒருவரை "வீட்டில் வைத்துக் கவனிப்போம்" என்று எடுத்துக்கொள்வதும் தவறு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020 நவம்பரில் இம்முறைக்கு அனுமதி அளித்தபோது, அவசரப் பிரிவிலிருந்தோ வார்டிலிருந்தோதான் நோயாளியை வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்று விதித்தது. தினமும் குறைந்தது இரண்டு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அவசரத்துக்கு 30 நிமிடத்துக்குள் ஆள் போய்ச் சேர வேண்டும் என்பவையும் அதில் அடங்கும். நீங்கள் எந்த நாட்டில் பணிபுரிந்தாலும் தொடக்கத்துக்கு இவை நல்ல அளவுகோல்கள்.

தனியாக வாழ்பவரை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். தெளிவான நினைவோடு, தானே எழுந்து நடந்து, போனைக் கையாளத் தெரிந்தவர் என்றால், நாலு பேர் இருந்தும் யாரும் பொறுப்பெடுக்காத வீட்டைவிட அவர் வீடு பாதுகாப்பானது.

இரண்டாம் படி: வீட்டைப் பார்ப்பது

ஆளைப் பார்க்கும் அதே கவனத்தோடு வீட்டையும் பாருங்கள். வாசலில் நின்றே தொடங்கலாம்: கதவு எண் இருட்டில் தெரியுமா? மாடிப்படியின் வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா? இதைக் கண்ணால் கணிக்க வேண்டாம். அளவு நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, வழியில் தடுக்கிவிழ என்ன கிடக்கிறது, இரவில் விளக்கின் சுவிட்ச் எட்டுகிறதா என்று நோயாளியை நடக்கச் சொல்லிப் பின்னாலேயே போங்கள். கட்டில் இருக்கும் மூலையில் நின்று போனில் பேசிப்பாருங்கள். கூடத்தில் நன்றாகக் கேட்கும் போன் அந்த மூலையில் சிக்னல் இல்லாமல் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளி என்றால் மின்சாரத்தைப் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிக்குச் சுவரில் தனி பிளக் வேண்டும்; நான்கு கருவிகள் தொங்கும் நீட்டிப்புப் பெட்டியில் அதைச் செருகக் கூடாது. மின்சாரம் போனால் கைகொடுக்கச் சிலிண்டர் ஒன்று தயாராக இருக்கட்டும். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கைச் சிலிண்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 120 லிட்டர். 1,360 லிட்டர் கொள்ளும் நிறை சிலிண்டர் ஏறக்குறைய 11 மணி நேரம் வரும். 4 லிட்டராகக் கூட்ட நேர்ந்தால் அதில் பாதிதான். புகைபிடிப்பவர் வீட்டில் இருந்தால், ஆக்சிஜன் ஓடும் அறையில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது என்பதை அவருடைய முகத்தைப் பார்த்து நேராகச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வீட்டில் ஆக்சிஜன் வைக்க முடியாது. அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை.

குளிரில் வைக்கவேண்டிய மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் தேவை. குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ உறைபனி அறையை ஒட்டியோ வைக்காமல் நடுத்தட்டில் மூடியுள்ள டப்பாவில் வைத்து, மேலே பெயர் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: சம்மதம், இருவரிடமும்

நோயாளி சம்மதித்தால் போதும் என்று பல குழுக்கள் நினைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. உடனிருந்து பார்த்துக்கொள்ளப்போகும் மனைவியிடமோ மகனிடமோ நோயாளி காதில் விழாத இடத்தில் தனியாகக் கேட்க வேண்டும். கணவர் எதிரில் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்ன ஓர் அம்மா, சமையலறைக்குள் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரவில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால்தான் ஆகிவிட்டது என்று ஆயுள் முழுக்க நினைப்பேனே" என்றார். அந்த அச்சம் நியாயமானது. அன்று நோயாளியை வார்டிலேயே வைத்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்த பிறகு, இரவில் தங்க இன்னோர் உறவினர் வந்ததும் வீட்டுக்கு மாற்றினோம். அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்த நிம்மதியும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

உடனிருப்பவரை இலவசச் செவிலியராக்கிவிடாதீர்கள். அவர் செய்யக்கூடியவை எவை, செய்யவே வேண்டாதவை எவை என்று முதலிலேயே பிரித்துச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுப்பது, நடக்கும்போது கூடவே வருவது, மாற்றம் தெரிந்தால் போன் செய்வது ஆகியவை அவரால் முடியும். டிரிப் நின்றுவிட்டால் அதைச் சரிசெய்வது, ஆக்சிஜன் அளவைத் தானாகக் கூட்டுவது போன்றவற்றில் அவர் கைவைக்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் "எங்களால் முடியவில்லை, வார்டுக்கே வருகிறோம்" என்று சொல்லலாம், அதற்குக் காரணம் காட்டவேண்டியதில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: முதல் நாள்

புதிய நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் டோஸை முடிந்தவரை மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில்தான் கொடுக்கவேண்டும் என்றால் மருந்து ஏறும்போதும் அதன் பிறகும் உடனிருங்கள். அட்ரினலின் ஆம்பியூலும் சிரிஞ்சும் பையின் அடியில் புதைந்திராமல் மேசைமேல் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தால் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் நடு வெளிப்புறத் தசையில். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பது வீட்டில் மிகவும் முக்கியம். நாளுக்கு ஒரே முறை கொடுக்கக்கூடிய செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகள் இந்த முறைக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. ஆறு மணிக்கொரு முறை தேவைப்படும் மருந்தை, மின்சாரம் இல்லாமலே பலூன் போலச் சுருங்கி மருந்தைத் தள்ளும் சிறு பம்பில் நிரப்பி 24 மணி நேரத்துக்கு ஓடவிடலாம். சூடு பட்டால் அதன் வேகம் கூடிவிடும் என்பதால் போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இனி, முதல் நாளில் மற்ற எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவிடும் வேலை: வீட்டிலுள்ள பழைய மருந்துகளைப் பார்ப்பது. "என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் போதாது. பெட்டி, பை, தலையணை அடி, சட்டைப்பை எல்லாவற்றிலும் இருக்கும் அட்டைகளை எடுத்து வந்து கட்டில்மேல் பரப்பச் சொல்லுங்கள். இதயச் செயலிழப்புக்காக நாங்கள் பார்த்துவந்த ஒரு பெரியவருக்கு இரண்டாம் நாள் எழுந்து நின்றதும் தலைசுற்றியது; ரத்த அழுத்தம் 84 ஆக இறங்கியிருந்தது. பரப்பிவைத்த அட்டைகளில் நீலநிறத்தில் ஒன்று, வெள்ளைநிறத்தில் ஒன்று. இரண்டிலும் வணிகப் பெயர் வேறு. அடியில் பொடி எழுத்தில் இருந்த மருந்துப் பெயர் ஒன்றே. பழைய சீட்டின்படி ஒன்றும் புதிய சீட்டின்படி ஒன்றுமாக இரண்டையும் விழுங்கிவந்திருக்கிறார். முதல் நாள் நானே கேட்டேன், அவரும் "ஒரு பி.பி. மாத்திரைதான்" என்றார், நான் கண்ணால் பார்க்கவில்லை. அதிலிருந்து, நிறுத்திய மருந்துகளைத் தனிப் பையில் போட்டு ஒட்டி, தேதி எழுதிய பிறகே அந்த வீட்டிலிருந்து கிளம்புகிறேன்.

ஐந்தாம் படி: தினசரி ரவுண்ட்ஸ்

ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு அளக்கத் தொடங்குங்கள். படியேறிப் போன உங்களுக்கே மூச்சு வாங்கும்போது எடுக்கும் கணக்கு சரியாக வராது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெப்பம், ஆக்சிஜன் அளவு, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா என்பது, தெளிவாக இருக்கிறாரா என்பது: இந்த ஏழையும் சேர்த்து மதிப்பெண் போடும் முறைதான் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ் 2. மொத்தம் 5 தொட்டால் மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். 7 தொட்டால் அவசரநிலை. ஒரே அளவில் மட்டும் 3 வந்தாலும் அலட்சியம் கூடாது. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று இடம் பொருள் தெரியாமல் பேசினால், அது ஒன்றே 3 மதிப்பெண்.

மூச்சு எண்ணிக்கையை யாரும் ஒழுங்காக எடுப்பதில்லை. வார்டிலும் கேஸ் ஷீட்டில் வரிசையாக 18, 18, 18 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு மார்பின் ஏற்ற இறக்கத்தை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் அதுவே 3 மதிப்பெண். உடல் கெடப்போவதை மற்ற அளவுகளுக்கு முன்னே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களில் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் இயல்பு உடையவர்களுக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம். 98 வரவேண்டும் என்று வீட்டார் கருவியின் குமிழைத் திருகிக் கூட்டினால் அவருக்குத் தீங்குதான். ஆகவே இலக்கு எண்ணைப் பெரிதாக எழுதிச் செறிவூட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

இதயச் செயலிழப்புக்கு எடைதான் வழிகாட்டி. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே எடைக்கருவியில், ஒரே அளவு உடையில் எடுத்தால்தான் இரண்டு நாள் எடையை ஒப்பிட முடியும். நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு ஏறும் நாட்களில் ரத்தத்தில் பொட்டாசியத்தையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்க்காமல் விடக் கூடாது.

கேனுலா, அதாவது சிரையில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாய், போட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிவப்பு, வீக்கம், தொட்டால் வலி இவற்றில் எது தெரிந்தாலும் எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: இரவு

கட்டிலுக்கு எதிரே, படுத்தபடி படிக்கும் பெரிய எழுத்தில் ஒரே ஒரு தாள். அதில் ஒரு போன் எண். இரண்டு எண் எழுதினால் எதை அழைப்பது என்று தடுமாறுவார்கள். எண்ணுக்குக் கீழே, எதைக் கண்டால் அழைக்க வேண்டும் என்பது அந்த நோயாளிக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். "உடல்நிலை மோசமானால்" என்று எழுதுவதில் பயனில்லை. "ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடியவில்லை", "ஆக்சிஜன் ஐந்து நிமிடமாக 88-க்குக் கீழே", "உங்களை அடையாளம் தெரியவில்லை", "மாலையிலிருந்து சிறுநீர் வரவில்லை" என்று எழுதுங்கள். நெஞ்சுவலி, முகம் கோணுதல், மயங்கி விழுதல் ஆகியவற்றுக்கு நம்மை அழைக்காமல் நேராக ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பது கடைசி வரியாகச் சிவப்பு எழுத்தில் இருக்கட்டும்.

ஓர் இரவு இரண்டேகால் மணிக்கு ஒரு மகள் அழைத்தார். "சிஸ்டர், அப்பாவுக்கு ஆக்சிஜன் 83 காட்டுகிறது." குரல் நடுங்கியது. ஆம்புலன்ஸை உடனே புறப்படத் தயாராக இருக்கச் சொல்லிவிட்டு, அவரைப் போனை வைக்கவிடாமல் கேட்டேன்: அப்பா விழித்திருக்கிறாரா? பேசுகிறாரா? பேசச் சொல்லுங்கள். பின்னணியில் பெரியவரின் குரல் முழு வாக்கியமாக, எரிச்சலோடு, தூங்கவிடுமாறு கேட்டது. கை எப்படி இருக்கிறது? "சில்லென்று இருக்கிறது சிஸ்டர்." இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அந்த விரல்களை வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, ஆக்சிஜன் அளக்கும் கருவியை வேறொரு விரலில் மாட்டி, எண்ணோடு துடிக்கும் கோடும் சீராக வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். 89, 92, 94. மூச்சை ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன்: 18. குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சின் மேலும் அந்தக் கருவி தவறாகக் காட்டும். கருமையான தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் இயல்பும் அதற்கு உண்டு. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், ஆளையும் பார்க்கும்படி வீட்டாரைப் பழக்குங்கள். அன்று அத்தோடு நிறுத்திவிடாமல் டூட்டியில் இருந்த செவிலியர் போய் நேரில் பார்த்துவிட்டும் வந்தார். "ஒன்றுமில்லாததற்கு எழுப்பிவிட்டேன்" என்று மகள் மன்னிப்புக் கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதில்தான் அடுத்த அழைப்பு வருவதும் வராததும் இருக்கிறது. "நீங்கள் அழைத்தது சரி, இதேபோல் மறுபடி வந்தாலும் அழையுங்கள்" என்று சொல்லிப் பழகுங்கள். குரலில் தூக்கக் கலக்கமோ சலிப்போ தெரியக் கூடாது.

புதிய குழு என்றால், முதல் நோயாளியை எடுக்கும் முன் இரவு நேரத்தில் ஒத்திகை பாருங்கள். ஒருவர் வீட்டிலிருந்து அழைக்கட்டும். கடிகாரத்தைப் பார்த்து, கதவு தட்டப்படும்வரை எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பகலில் போட்ட கணக்கு இரவில் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது.

ஏழாம் படி: திரும்ப அழைத்துவருவது

சிலரை வார்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தே ஆகவேண்டும். அதைத் தோல்வியாகக் கருதும் குழு தயங்கும். தயக்கம் ஆளைக் கொன்றுவிடும். மதிப்பெண் ஏறிக்கொண்டே போனால், 48 மணி நேரமாகியும் மருந்துக்குக் காய்ச்சல் இறங்காமல் நோயாளி சோர்ந்துகொண்டே போனால், உடனிருப்பவர் தூக்கமின்றித் தளர்ந்துவிட்டால் கொண்டுவந்துவிடுங்கள். படுக்கை காலியாக இருக்கிறதா என்ற பேச்சே எழக் கூடாது. வீட்டு நோயாளிகளுக்கு அவசரப் பிரிவின் வரிசையில் நிற்காமல் நேராக வார்டுக்குப் போகும் வழியை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவையுங்கள்.

எட்டாம் படி: டிஸ்சார்ஜ்

வீட்டிலேயே இருப்பவரை எங்கே டிஸ்சார்ஜ் செய்வது என்று நினைத்துப் பலர் இதை நழுவவிடுகிறார்கள். கேனுலாவை எடுங்கள், எடுத்ததைக் குறியுங்கள். ஊசிப் பெட்டியை மூடி எடுத்து வாருங்கள். மிஞ்சிய மருந்தைத் திரும்பப் பெறுங்கள். தொடரவேண்டிய மாத்திரைகளை ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்து, குடும்ப மருத்துவருக்குக் கடிதமும் அன்றே அனுப்புங்கள். கடைசியாகச் சுவரில் ஒட்டிய தாளைக் கழற்றுங்கள். கழற்றியதும் அதே இடத்தில் வேறொரு தாளை ஒட்டி, நாளை முதல் எந்த எண்ணை அழைக்கவேண்டும், அங்கே எந்த நேரத்தில் போனை எடுப்பார்கள் என்று எழுதுங்கள். உடனிருப்பவரையே அந்த எண்ணுக்கு ஒருமுறை அழைக்கச் சொல்லி, மறுமுனையில் குரல் கேட்ட பிறகு கிளம்புங்கள்.